குனிந்து போகும் வாசல்

முன்னொரு காலத்தில் பவளக்கோட்டையை விசித்திரசேனன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் சொன்னதை மத்தியானம் மறந்துவிடுவான். வாய்க்கு ருசியானதை மட்டும் மறக்கவே மாட்டான். ஒருநாள் சபை நடுவே, "செங்கமலம் சுடும் ஆப்பத்துக்கு நம் அரண்மனைச் சமையல் உறைபோடக் காணாது!" என்று சொல்லிவிட்டான்.

அரண்மனைச் சமையல் அதிகாரி அகோரத்துக்கு வயிறு எரிந்தது. செங்கமலம் வாடகைக்குக் குடியிருந்து ஆப்பம் சுட்டுவந்த வீடு அவருடையதுதான். அதை அவளுக்கே விற்பதாக விலையும் பேசியிருந்தார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தோடு அவள் வந்து நின்றபோது, "இப்போது விலை மூன்று மடங்கு. முடியாவிட்டால் காலி செய்!" என்றார்.

செங்கமலம் அழுதுகொண்டே சபையில் முறையிட்டாள்.

"அவர் வீடு, அவர் விலை. நான் என்ன செய்ய?" என்று ராஜா கொட்டாவி விட்டான்.

மந்திரி சிந்தாமணி நெற்றியைத் தடவிக்கொண்டே எழுந்தார். "வாஸ்தவம் மகாராஜா. ஆனால் வீட்டை விற்பவர் அதன் குறையையும் சொல்லித்தான் விற்க வேண்டும். மறைத்தால் முதலில் பேசிய விலைக்கே கொடுத்துவிட வேண்டும். அதுதானே நம் ஊர் வழக்கம்? அகோரம் அவர்களே, உங்கள் வீட்டில் குறை ஏதும் உண்டா?"

"குறையா? அது மாளிகை ஐயா! மகாராஜாவே வந்து பார்க்கட்டும்!"

ராஜாவுக்கு ஆப்ப ஞாபகம் வந்துவிட்டது. உடனே கிளம்பிவிட்டான். வாசலை நெருங்கியதும் செங்கமலம், ஆப்பம் தின்ன வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய தோஷத்தில், "குனிஞ்சு வாங்க!" என்று கத்திவிட்டாள். கத்திய பிறகுதான், 'ஐயையோ, ராஜாவையா குனியச் சொன்னோம்!' என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ராஜா குனிந்து உள்ளே போய்விட்டான். பின்னாலேயே, "இந்தத் தேக்கு நிலையைப் பாருங்கள், இதற்கு ஈடு..." என்று மார் நிமிர்த்தி வந்த அகோரத்தின் நெற்றி, அதே வாசல்நிலையின் மேல்கட்டையில் மடேரென்று மோதியது.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "குறையே இல்லாத வீட்டில் நெற்றி எப்படி ஐயா புடைத்தது?"

"சொந்த வீட்டுக்குள் ஒருநாளாவது நுழைந்திருந்தால் இவருக்குத் தெரிந்திருக்கும்," என்றார் மந்திரி. "எனக்கு முதல்முறை ஆப்பம் தின்ன வந்தபோதே தெரிந்துவிட்டது."

"வீடு பேசிய விலைக்கே செங்கமலத்துக்கு! மந்திரிக்கு என் முத்துமாலை! அகோரம், நீர் போய் நெற்றிக்குப் பற்றுப் போட்டுக்கொள்ளும்!" என்று தீர்ப்புச் சொன்னான் ராஜா.

நல்ல நாள் பார்த்துச் சொந்த வீட்டில் பால் காய்ச்சிய செங்கமலம், முதல் பாலை மந்திரி கையில் கொடுத்தாள்.

"இனி உன் வீடு அம்மா. தச்சரைக் கூப்பிட்டு நிலையை உயர்த்திவிடேன்," என்றார் மந்திரி.

"வேண்டாங்க ஐயா. இந்த வீட்டை எனக்கு வாங்கிக் குடுத்தது நீங்களும் இந்த நிலையும்தான். உங்களைத் தினம் தேடி வந்து கும்பிட முடியுமா? இதுக்காவது போகும்போதும் வரும்போதும் தலைவணங்கிக்கிறேன்."

நிலை அப்படியே நின்றது. பவளக்கோட்டையில் ராஜாவே தலைகுனிந்து நுழைந்த வீடு அது ஒன்றுதான்.