எறும்பு தொலைச்ச பூஜ்யம்

அந்தக் காலத்துல, எறும்புங்க வாய் தெறந்து பேசிக்கிட்டு இருந்தப்போ, அதுங்க எண்ணிக்கை எடுக்க ரெண்டே வரியில ஒரு விதி வச்சிருந்துச்சு. உனக்கு முன்னாடி யாரும் இல்லன்னா, 'பூஜ்யம்'னு சொல்லு. இருந்தா, முன்னாடி இருக்கிறவகிட்ட கேளு. வந்த விடையோட ஒண்ணைக் கூட்டிப் பின்னாடி சொல்லு. இன்னிக்கு கம்ப்யூட்டர் வகுப்புல நம்ம உயிரை வாங்குற ரிகர்ஷன், அதாவது ஒரு ப்ரோக்ராம் தன்னையே திரும்பத் திரும்பக் கூப்பிடுறது, இதேதான்.

அன்னிக்கு மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. எத்தனை பேர்னு தெரிஞ்சாத்தான் மேட்டுல அந்த அளவுக்குக் குழி தோண்ட முடியும். குழி சின்னதாப் போனா மிச்சப் பேரு தண்ணியில.

வரிசையில கடைசியா நின்னவ ஊசி. யாரையும் நம்பாதவ.

"பவளம், உனக்கு முன்னாடி எத்தனை பேர்?"

"இரு, முன்னாடி கேட்டுச் சொல்றேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

"அவளும் கேப்பா."

"அப்போ ஒருத்திக்கும் தெரியாது. விடை மட்டும் வந்துருமாக்கும். யாருக்குடி காது குத்துறீங்க?"

"முதல்ல நிக்கிற மிளகிக்குத் தெரியும். அவ பூஜ்யம்னு சொல்லுவா."

"ஒண்ணுமில்லன்னு சொல்ல ஒரு ஆளா?"

ஊசி விறுவிறுன்னு முன்னாடி போனா. மிளகி சும்மாத்தான் நின்னா. சந்தேகம் உறுதியாயிருச்சு.

"எல்லாரும் கேக்குறாங்க, நீ மட்டும் மகாராணியா? வந்து எனக்குப் பின்னாடி நின்னு நீயும் கேளு."

மிளகியைத் தரதரன்னு தன் இடத்துக்கே இழுத்துட்டு வந்தா. மத்தவங்களும் மிளகி பின்னாடியே வந்தாங்க. வரிசை பக்கத்துல இருந்த பலாமரத்தைச் சுத்தி வட்டமாயிருச்சு. இப்போ எல்லாருக்கும் முன்னாடி ஒருத்தி.

ஊசி கேட்டா. பவளம் கேட்டா. கேள்வி ஒரு சுத்து சுத்தி மிளகிகிட்ட வந்துச்சு. மிளகி ஊசியைக் கேட்டா.

"என்னையே கேக்குறியா? எதையோ மறைக்கிற நீ."

"நீதானே கேக்கச் சொன்ன?"

ஊசி திரும்பவும் பவளத்தைக் கேட்டா. மறுபடி சுத்து. மழை விழுந்துச்சு. கேட்டுக் கேட்டே ஒவ்வொருத்தியா சுருண்டு விழுந்தாங்க. பவளமும் விழுந்தா.

அப்பத்தான் ஊசிக்கு உறைச்சுது. திரும்பி மிளகி நெத்தியில முட்டினா.

"என்னைப் பாக்காத. உனக்கு முன்னாடி யாரும் இல்ல. சொல்லு."

"பூஜ்யம்," மிளகி முனகினா.

ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு விடை பின்னாடியே ஓடி வந்துச்சு. கடைசியில ஊசி தன்னையும் சேத்துக்கிட்டா. குழி வெட்டி மிச்சமிருந்த எல்லாரும் உள்ள போனாங்க. இடம் கச்சிதமா இருந்துச்சு. நேத்து எண்ணிக்கையைவிட நாப்பது கம்மி.

அன்னிலேர்ந்துதான் எதிர்ல வர்ற ஒவ்வொரு எறும்பையும் எறும்பு முட்டிப் பாத்துட்டுத்தான் விடுது. தன்னையே கூப்பிடுற ப்ரோக்ராமை எழுதுறவங்களும், எங்க நிக்கணும்னு மொத வரியிலயே எழுதிட்டுத்தான் மத்ததைத் தொடுறாங்க.