விரிசல் விடாத கோலி

தங்கள் ஊரின் பெயரை இந்தக் கதையில் வெளியிடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் எனக்கு ஒரு வேண்டுகோள் எழுதினார்கள். அதைச் சுவரொட்டியாக அச்சடித்து, ஊர்ப்பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, சுற்றுவட்டாரம் முழுவதும் ஒட்டியும் இருக்கிறார்கள். ஆகவே கொழுந்தாபுரம் என்று நான் சொல்வதால் புதிதாக எந்த ரகசியமும் வெளியாகிவிடாது.

அந்தக் கொழுந்தாபுரத்தில் மாசிலாமணியின் மகள் பொன்மலரைப் பெண் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் தங்கநாயகிக்குக் கைவேலை என்றால் உயிர். "பெண் வீட்டில் அத்தனை பேரும் கண்ணாடிக் கைவேலையில் கெட்டிக்காரர்கள்" என்று தரகர் அவரிடம் வாய் கூசாமல் சொல்லிவைத்திருந்தார். சொன்ன பிறகு பயம் வந்து, மாசிலாமணியிடம் ஒரு செய்முறைத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். கண்ணாடிக் கோலிகளைச் சூடாக்கிக் குளிர்ந்த நீரில் போட்டால், மேலே வழுவழுப்பாக இருக்க, உள்ளே மட்டும் கல்கண்டு நொறுங்கியதுபோல விரிசல் மின்னும். கோத்து வாசலில் தொங்கவிடலாம்.

"ஒரு வரி பிசகினாலும் சம்பந்தம் போச்சு" என்று எச்சரித்துவிட்டுப் போனார் தரகர்.

பொன்மலருக்கோ புகைப்படத்திலேயே மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிருந்தது. ஆகவே அந்த வீட்டில் யாரும் பிசகுவதாக இல்லை.

முதல் வரிப்படி நூறு கோலிகள் வாங்கினார்கள். அந்த வரியின் முடிவில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. அச்சுக்காரர் அழகுக்காகப் போட்டிருப்பார் என்று விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது வரி: "பழைய வாணலி ஒன்றை எடுத்துக்கொள்ளவும்." வீட்டில் இருந்ததோ புத்தம்புது வாணலி. மாசிலாமணியின் மனைவி செண்பகவல்லி அதை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு, அவர்களுடைய பழையதைக் கெஞ்சி வாங்கிவந்தார்.

மூன்றாவது வரி: "முகத்தை அடுப்பின் பக்கம் கொண்டுபோகாமல் கிளறவும்." செண்பகவல்லியின் தம்பி திருமேனி அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்று, கரண்டியைப் பின்பக்கமாக நீட்டிக் கிளறினார். பக்கத்து அடுப்பில் விருந்தாளிகளுக்கான கேசரி வெந்துகொண்டிருந்தது. கரண்டி பாரபட்சமில்லாமல் இரண்டுக்கும் போய்வந்தது.

"அக்கா, வறுபட்டுச்சான்னு பாரு."

"நான் மட்டும் எப்படிடா பார்க்கிறது? எனக்கும் முகந்தானே இருக்கு?"

"அப்ப யார்தான் பார்க்கிறது?"

"யாரும் பார்க்க வேண்டாம். வாசனை வந்ததும் இறக்கிடலாம்" என்று தீர்ப்புச் சொன்னார் மாசிலாமணி.

கண்ணாடி எவ்வளவு சூடானாலும் வாசனை வராது. நல்லவேளையாகக் கேசரி அடிப்பிடித்ததால், வாசனை சரியான நேரத்துக்கு வந்தது.

நான்காவது வரி: "ஐஸ் தண்ணீரில் கொட்டிவிட்டு உடனே விலகி நிற்கவும்." கொட்டினார்கள். விலகினார்கள். தெருமுனை வரைக்கும் விலகினார்கள், பட்டுப்புடவை கட்டிய பொன்மலர் உட்பட.

"எப்பத் திரும்பி வரணும்னு போட்டிருக்கு அத்தான்?" என்றார் திருமேனி.

மாசிலாமணி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விலகி நிக்கச் சொல்லியிருக்கு. வரச் சொல்லலையே!"

"அப்ப வேற வீடு பார்த்துக் குடிபோகணுமா?"

"அவசரப்படாதே மச்சான். அடுத்த வரியில 'எடுத்துத் துடைக்கவும்'னு இருக்கு."

"விலகி நின்னுக்கிட்டே எப்படிங்க எடுக்கிறது?" என்று கண் கலங்கினார் செண்பகவல்லி. மணி மூன்று.

பொன்மலர்தான் வழி சொன்னாள். "அப்பா, நாம வீட்டுக்கு முதுகைக் காட்டி விலகிப் போய்க்கிட்டே இருப்போம். ஊரைச் சுத்தினா கொல்லைப்பக்கம் வந்துடுமில்ல?"

நால்வரும் விலகி விலகி ஊரைச் சுற்றி, மூன்றே முக்காலுக்குக் கொல்லைவாசல் வழியாக வீட்டுக்குள் வந்தார்கள்.

கோலிகள் வைரம்போல் ஜொலித்தன. அப்போதுதான் தாளின் அடியில் இன்னொரு நட்சத்திரம் மாசிலாமணியின் கண்ணில் பட்டது. அது முதல் வரிக்கான அடிக்குறிப்பு. அடிக்குறிப்பை உரிய இடத்தில் படிக்காததால் சாம்ராஜ்யங்களே கவிழ்ந்திருக்கக்கூடும் என்பது என் சொந்தக் கருத்து. குறிப்பு இதுதான்: "விரிசல் உள்ளவற்றைப் பொறுக்கி எறிந்துவிடவும்."

செண்பகவல்லி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல விரிசல் இருக்குங்க."

"எறி."

"இதுலயும்."

"எறி, எறி. பிசகக் கூடாது."

தொண்ணூற்றொன்பதும் குப்பைக்குப் போயின. நூறாவதைக் காணவில்லை.

"அது ஒண்ணாவது நல்லபடியா இருந்திருக்கும் அத்தான்" என்று விம்மினார் திருமேனி. தேடுவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள்.

தங்கநாயகி சுவரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "கண்ணாடி வேலை எதையும் காணோமே?"

பொன்மலர் அவசரமாகக் கேசரித் தட்டை நீட்டினாள். தங்கநாயகி ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். 'கடக்' என்றது. வாயிலிருந்து ஒரு கோலியை எடுத்து, முந்தானையில் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார்.

"அடேயப்பா! ஒரு விரிசல்கூட இல்லையே!" என்றார் தங்கநாயகி. மாசிலாமணியின் கையில் இருந்த தாளும் அவர் கண்ணில் பட்டது. "நானும் ஏழு வருஷமா அதே தாளை வச்சுக்கிட்டு வறுக்கிறேன். எல்லாம் விரிசல் விட்டுடுது, தூக்கித்தான் எறியறேன். நீங்க எப்படிச் செஞ்சீங்க?"

"நூறுக்கு ஒண்ணுதாங்க தேறும்" என்றார் மாசிலாமணி அடக்கமாக. "கேசரியையும் பக்கத்துல வைக்கணும்."

"அதைத்தான் நான் வைக்கல!" என்று தலையில் அடித்துக்கொண்டார் தங்கநாயகி. அந்த இடத்திலேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

கல்யாணத்துக்கு வரும் இருநூறு பேருக்கும் தாம்பூலப் பையில் விரிசல் விடாத கோலி ஒன்று கொடுப்பதென்று முடிவாயிற்று. இரு வீட்டாரும் சேர்ந்து இப்போது இருபதாயிரம் கோலிகளை வறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நடுவில் பொன்மலர் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டாள். "அத்தை, கடையில வாங்கின கோலியிலயும் விரிசல் இல்லையே. வறுக்காம அப்படியே கொடுத்தா என்ன?"

தங்கநாயகி அவள் கன்னத்தைச் செல்லமாகக் கிள்ளினார். "அப்படியே கொடுத்தா அது கைவேலை ஆகுமா கண்ணு?"

தன் அறியாமைக்கு வெட்கப்பட்ட பொன்மலர், கரண்டியை வாங்கிக்கொண்டு அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றாள்.