நடுவில் வைத்த கேரட்

ஆற்றங்கரையில் சின்னதாக ஒரு மடம். காலையில் யார் வந்து உட்கார்ந்தாலும் இட்லி உண்டு. அங்கே ஒரு வழக்கம். இலையில் விழுந்ததைப் பிட்டுப் பார்க்கக் கூடாது, முகர்ந்து பார்க்கக் கூடாது. கும்பிட்டுவிட்டுச் சாப்பிட வேண்டியதுதான். மடத்தின் பெரியவர் சடையப்ப சாமிக்கும் அதுதான், வழிப்போக்கனுக்கும் அதுதான்.

மடத்துக்குப் பூக்கட்டும் சுகந்திக்கு ஒரே மகள், சுடர். ஏழு வயசு. ஆட்டிசம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பேச்சு கிடையாது. பந்தியில் சாமிக்கு இடப்பக்கம்தான் உட்காருவாள். வெறும் இட்லி மட்டும். சட்னி ஒரு சொட்டு தெறித்தாலும் எழுந்து போய்விடுவாள். வீட்டிலும் இட்லியை விட்டால் வேறொன்றும் தின்னமாட்டாள்.

"ரத்தம் கம்மியா இருக்காம்ண்ணே. காய்கறி குடுங்கன்னு டாக்டரம்மா சொல்லுதாங்க. நான் எங்க போய்க் குடுக்க?" என்று சமையல்கட்டு வாசலில் நின்று அழுதாள் சுகந்தி.

சமையல் பார்த்த சீடர் மாசிலாமணிக்கு மனசு கேட்கவில்லை. "எங்கிட்ட விடு தாயி. அவளுக்கே தெரியாம உள்ள தள்ளிருவோம்."

மறுநாள் இட்லித்தட்டுக் குழியில் பாதி மாவு ஊற்றினார். மசித்த கேரட்டை நடுவில் வைத்தார். மேலே மாவை ஊற்றி மூடினார். வெந்து வந்த இட்லி வெள்ளைவெளேரென்று இருந்தது.

சுடர் பிட்டாள். பார்த்தாள். இலையைத் தள்ளிவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு அலறினாள்.

அதோடு இட்லியும் போச்சு. வீட்டில் தாய் அவித்துக் கொடுத்ததையும் தொடவில்லை. பாலும் தண்ணீருமாகக் கிடந்தாள்.

"இருந்த ஒண்ணும் போச்சேண்ணே" என்றாள் சுகந்தி.

மாசிலாமணி சாமியிடம் போனார். "நல்லதுக்குத்தான செஞ்சேன் சாமி? இப்படிப் பிடிவாதம் பிடிச்சா நான் என்ன செய்ய?"

"பசிக்குதுப்பா. முதல்ல இட்லி போடு."

போட்டார். சாமி கும்பிடவில்லை. இட்லியைப் பிட்டார். உள்ளே பார்த்தார். முகர்ந்தார். ஓரமாக ஒதுக்கினார். அடுத்ததையும் அப்படியே. பந்தி மொத்தமும் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

மாசிலாமணிக்கு முகம் செத்துப்போச்சு. "இத்தனை வருஷம் என் கையால சாப்பிட்டீங்க. இன்னைக்கு எம்மேல சந்தேகமா?"

"இட்லி நல்லாத்தான் இருக்கு."

"பிறகென்ன சாமி?"

சாமி தன் இடப்பக்கம் காலியாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் இட்லிக் கொப்பரையை முற்றத்துக்கே தூக்கி வந்தார். சுகந்தியோடு வந்து நின்ற சுடர் கண்முன்னால் அடுப்பு மூட்டினார். மாவுக்குள் அவள் விரலை விட்டுத் துழாவினாள். விட்டுவிட்டார். கரண்டியையும் அவள் கையிலேயே கொடுத்தார். பாதி மாவு குழிக்கு வெளியே விழுந்தது.

"ஊத்து தாயி. நீ ஊத்துறதுதான் இன்னைக்கு இட்லி."

வெந்ததும் அவளே பிட்டாள். துணுக்குத் துணுக்காகப் பிட்டாள். எல்லாம் வெள்ளை. ஒரு துணுக்கை வாயில் போட்டாள். சுகந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று முதல் அவித்த கேரட் துண்டு ஒன்றைத் தனியாக ஒரு இலைக்கிழிசலில், அவளுக்குத் தெரியும்படி தள்ளி வைப்பார் மாசிலாமணி. தின்னு என்று சொல்வதில்லை. அவளும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

ஒரு காலையில் திரும்பினாள். துண்டை எடுத்தாள். உருட்டினாள். மூக்கருகே கொண்டுபோனாள். மாசிலாமணி கரண்டியோடு எட்டிப் பார்த்தார். அவளோ அதைக் கொண்டுபோய்ச் சாமியின் இலையில் வைத்துவிட்டாள்.

சாமி கும்பிட்டார். பார்க்காமல், முகராமல் வாயில் போட்டுக்கொண்டார். சுடர் அவர் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ திங்கலையே சாமி" என்றார் மாசிலாமணி.

"விஷம்னு நெனைச்சா எனக்கு வைப்பாளாப்பா?"