ஒன்றை அழுத்திய அண்ணாச்சி

கேட்டு முடிக்கும் முன்னால் யாரையும் சட்டென்று திட்டிவிடாதீர்கள். இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. அதுதான் இதிலுள்ள சங்கடமே.

திருநெல்வேலி டவுனில் ஒரு வளவு. ஒரே முற்றம், சுற்றிலும் எட்டு வீடு, பொதுவில் ஒரு குழாய். குடும்ப அட்டைக்குச் செல்போன் எண் கொடுக்கச் சொன்ன காலத்தில் அங்கே போன் வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான்: பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற பிரமநாயகம். "நம்ம அண்ணாச்சி நம்பரையே போடுங்க" என்று எட்டு வீடும் அவர் எண்ணையே கொடுத்துவிட்டது. பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது. எண்ணை மாற்றப் போனால், சர்வர் வேலை செய்யவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். எத்தனை அடுத்த வாரம்தான் போவது? விட்டுவிட்டார்கள்.

ரேஷன் கடையிலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ எந்தத் தகவல் வந்தாலும் அவர் போனுக்குத்தான். ஆகவே யார் வீட்டுக்கு அரிசி போட்டார்கள், யாருக்குச் சர்க்கரை மாத்திரை என்பதெல்லாம் அண்ணாச்சிக்குத் தெரியும். தெரிந்ததை அவர் ஒருநாளும் வெளியே விட்டதில்லை. மனைவி போன பிறகு தனிக்கட்டை. வம்பு பேச வீட்டில் ஆளும் கிடையாது.

ஒரு திங்கட்கிழமை அவர் போனில் ஒரு மிஷின் குரல் பேசியது. "வணக்கம். உங்கள் குடும்பத்தைச் சேர்ந்த ஆவுடையம்மாள் மூன்று மாதக் கர்ப்பிணி. வாழ்த்துகள். தாயும் கருவும் நலமாக இருந்தால் ஒன்றை அழுத்தவும். இல்லையெனில் இரண்டை அழுத்தவும்."

அண்ணாச்சிக்கு உடம்பே கூசிப்போயிற்று. ஆவுடை எதிர்வீட்டுப் பெண், பாத்திரக் கடையில் வேலை பார்க்கும் சங்கரபாண்டியின் மனைவி. ஏற்கெனவே இரண்டு தடவை உண்டாகிக் கலைந்தவள். அதனால் இந்தத் தடவை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுச் சொர்ணத்தின் கைக்குழந்தை முக்கால்வாசி நேரம் ஆவுடையின் இடுப்பில்தான் இருக்கும். இரண்டு போனதற்கு வளவுப் பெண்கள் 'பாவம்' என்றார்கள். மூன்றாவதும் போனால் ராசியில்லாத கை என்பார்கள், அப்புறம் அந்தப் பிள்ளையைத் தொடக்கூட விடமாட்டார்கள். அந்தப் பயத்திலேயே அவள் நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி ஒன்றை அழுத்தினார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த மாதம் ஒருநாள் ஆவுடை முகமெல்லாம் வெளுத்து, புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். அதுவரை சில வாரமாகச் சங்கரபாண்டிதான் தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தான். அதன் பிறகு அவளே குடத்தைத் தூக்கத் தொடங்கினாள். பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது.

அவருக்குத் தெரியாத ஒன்றும் நடந்தது. ஆஸ்பத்திரியில் நர்சு ரெஜினா ஆவுடையிடம், "கர்ப்பப் பதிவை மூடணும்னா அண்ணாச்சி போனுக்குத்தான் ஓ.டி.பி. போகும். அவர்ட்ட கேட்டே ஆகணும்" என்றாள்.

"ஐயோ, வேண்டாம்க்கா! வளவுல ஒரு ஆளுக்குத் தெரியக் கூடாது. உங்களக் கும்பிட்டுக் கேக்கேன்."

நர்சு வாக்குக் கொடுத்தாள். பதிவு திறந்தே கிடந்தது. மாதாமாதம் மிஷின் கூப்பிடுகிற சங்கதி அந்த நர்சுக்கே தெரியாது. மேலே இருந்தவர்கள் புதிதாகச் செய்த ஏற்பாடு. கீழே ஒருவருக்கும் சொல்லவில்லை.

மிஷின் விடவில்லை. ஐந்தாம் மாதம், வாழ்த்துகள். ஆறாம் மாதம், வாழ்த்துகள். இரண்டை அழுத்தினால் சுகாதாரத் துறை ஆட்கள் ஜீப்பில் வந்து முற்றத்தில் நின்று விசாரிப்பார்கள், அவள் மானம் போகும். சங்கரபாண்டியிடம் சொல்லிவிடலாமென்று ஒரு தடவை பாத்திரக் கடை வரைக்கும் போனார். 'இதையெல்லாம் எந்த வாயால் பேசுவது' என்று அண்ணாச்சியை வெட்கம் பிடுங்கித் தின்ன, ஒரு டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். மறுபடியும் ஒன்றையே அழுத்தினார்.

மிஷின் கணக்கில் ஏழாம் மாதம் பிறந்தது. காலையில் குழாயடியில் கூட்டம். அங்கன்வாடி டீச்சர் மரகதம் கையில் வளையலும் குங்குமமுமாக வந்து நின்றாள்.

"ஏட்டி ஆவுடை! எங்ககிட்டயே மறைச்சிட்டியே, கள்ளி! நாளைக்குச் சமுதாய வளைகாப்பு. போன்ல ஒன் பேரு வந்திருக்கு. கையை நீட்டு பாப்போம்."

மாதாமாதம் வீட்டுக்குப் போய்த் தாயைப் பார்க்க வேண்டியது டீச்சரின் வேலை. அண்ணாச்சி ஒன்றை அழுத்த அழுத்த, தன் வேலைப் போனே நலம் நலம் என்று காட்டும்போது எதற்கு அலைவானேன் என்று இருந்துவிட்டாள், மகராசி.

எல்லார் கண்ணும் ஆவுடையின் வயிற்றுக்குப் போனது. அவள் இடுப்பில் சொர்ணத்தின் பிள்ளை.

"அது தங்கல டீச்சர்" என்றாள் ஆவுடை. "தை மாசமே போயிட்டு."

சொர்ணம் குடத்தைக் கீழே வைத்தாள். "பால் குடிக்கிற நேரமாச்சு, மைனி" என்று முகத்தைப் பார்க்காமல் சொல்லி, பிள்ளையை அவள் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அண்ணாச்சி தம் வாசலில் நின்று அத்தனையையும் பார்த்தார்.

இப்போது சொல்லுங்கள். நர்சு கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள், பதிவை மூடவில்லை. டீச்சர் போனை நம்பினாள், ஆளைப் பார்க்கவில்லை. அண்ணாச்சி ரகசியத்தைக் காத்தார், ஒன்றை அழுத்தினார். நர்சு காதுக்கும் சங்கதி போய், மூவருமே அன்றைக்கு வெட்கத்தில் குறுகித்தான் போனார்கள். இவர்களில் ஆவுடையிடம் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார்?

விடை: அண்ணாச்சிதான். நர்சு வாயை மூடிக்கொண்டது ஆவுடையே கேட்டதால். டீச்சர் சோம்பேறி, ஆனால் அவளுக்கு எதுவும் தெரியாது. மிஷின் கூப்பிடுவது, கரு கலைந்தது, இரண்டும் தெரிந்தவர் அவர் ஒருவரே. அவள் மானத்தைக் காப்பதாக நினைத்துக்கொண்டு தம் கூச்சத்தைக் காத்துக்கொண்டார். அரசாங்கத்தை விட்டுவிட்டேனே என்கிறீர்களா? முதல் குற்றவாளி அதுதான், சந்தேகமில்லை. ஆனால் அது என்றைக்கு ஒரு வீட்டுப் படியேறி மன்னிப்புக் கேட்டது? அண்ணாச்சி அன்று சாயங்காலமே ஏறினார். "எனக்கு அப்பமே தெரியும், தாயி" என்றார். ஆவுடை அழவில்லை, ஏசவுமில்லை. "போன் வருதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பதிவை மூடிட்டு, சொர்ணம் பிள்ளையை இன்னும் கொஞ்ச நாள் இடுப்புல வச்சிருந்திருப்பேனே அண்ணாச்சி" என்றாள்.