தொண்ணூறாயிரம் பேர் குடித்த ரசம்

மூக்கைப் பொத்திக்கொண்டு கேளுங்கள். இந்தக் கதை நாறும்.

திண்டுக்கல்லில் ஒரு தையல் கடையின் மாடி. ஜன்னல் அடைத்த அறை, இரும்பு அலமாரி, அதில் அறுநூறு பழைய போன்கள். மனிதர் பார்க்காத வீடியோக்களை அவை ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். லைக் போடும், "வேற லெவல் ப்ரோ" என்று எழுதும். அவற்றை மேய்ப்பவர் அருளப்பன். ஆர்டர் வாட்ஸப்பில், பெயரில்லாத நம்பர்களிலிருந்து வரும். யார், எதற்கு என்று கேட்கக் கூடாது. அந்தத் தொழிலில் இருக்கும் ஒரே ஒழுக்கம் அதுதான்.

தொழிலுக்கு ஒரு முறையும் உண்டு. எண்ணிக்கையை நாலு நாளில் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். அப்போதுதான் கூட்டம் தானாக வந்ததுபோல் இருக்கும். ஒரேயடியாகக் கொட்டினால் குழந்தைக்கும் தெரிந்துவிடும்.

ஒரு வியாழக்கிழமை மாலை ஒரு லிங்க் வந்தது. 'சனிக்கிழமை பத்து மணிக்கு. தொண்ணூறாயிரம். ஒரே மணி நேரத்தில்.' இவ்வளவு அவசரம் எதற்கு என்று அருளப்பன் லிங்கைத் தட்டிப் பார்த்தார். படம் திறக்கவில்லை. சனிக்கிழமைக்குத்தானே என்று நேரத்தைக் குறித்துவிட்டு மறந்துபோனார்.

திங்கள் மதியம், வழக்கம்போல் பஸ் டெப்போ கேன்டீனுக்குச் சாப்பிடப் போனார். அங்கே சமைப்பவர் தெய்வானை. ஒன்பது வருடமாக அருளப்பனுக்குச் சோறு அவர் கையால்தான். கேன்டீன் குத்தகை அந்த மாதத்தோடு முடிகிறது. அதற்குள் வேறு இடம் தேட வேண்டுமென்றுதான் அவர் மசாலாப் பொடிக் கம்பெனி ஒன்றின் ரசப் போட்டியில் சேர்ந்தார். அதிகம் பேர் பார்த்த வீடியோவுக்குப் புது பஸ் ஸ்டாண்டில் வாடகையில்லாத கடை. விதி ஒன்றே ஒன்று: கம்பெனியின் பாக்கெட் படத்தில் தெரிய வேண்டும். வீடியோவைக் கம்பெனியில் கொடுத்துவிட்டால், வெள்ளி காலை ஒன்பது மணிக்குப் போட்டியாளர் இருபது பேரின் வீடியோக்களையும் அவர்கள் சேனலில் அவர்களே வெளியிடுவார்கள். லிங்க் போட்டியாளருக்கும் அப்போதுதான் போகும்.

தெய்வானை மிளகையும் சீரகத்தையும் அம்மியில் தட்டி ரசம் வைத்தார். பாக்கெட் அடுப்போரமாகச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது, பிரிக்கப்படாமல். வெள்ளி இரவுக்குள் நாலாயிரத்துச் சொச்சம் பேர் பார்த்தார்கள். அவர்தான் முதலிடம். ஞாயிறு மாலை, மோசடி என்று சொல்லிப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டார்கள்.

"என்னக்கா, தொண்ணூறாயிரம் பேரு ரசம் குடிச்சாங்களாமே, எனக்கு ஒரு டம்ளர் மிச்சமிருக்கா?" என்றார் ஒரு கண்டக்டர்.

"வேற லெவல் ப்ரோ!" என்று இன்னொருவர் கத்த, மேசை மேசையாகச் சிரிப்பு. தெய்வானை கரண்டியைக் கீழே வைக்காமல் பரிமாறிக்கொண்டே இருந்தார்.

அந்த மூன்று சொற்களை அருளப்பனுக்கு நன்றாகத் தெரியும். வீடியோவுக்குக் கீழே அவற்றை எழுதியது அவருடைய போன்கள்தான். வாயில் இருந்த கவளத்தைப் பின்கட்டில் போய்த் துப்பிவிட்டு, தெய்வானையைக் கூப்பிட்டு, எண்ணிக்கையை ஏற்றியது தான்தான் என்று சொன்னார்.

"நீங்களாண்ணே?" என்றார் அவர். "யாரு வீடியோன்னு கூடவா பார்க்கல?"

"பார்க்கல."

"எங்கையால தின்னுட்டு..." தெய்வானை கரண்டியைத் தொட்டியில் போட்டார். பிறகு, "அந்த மெஸ் கிரிதரன்தான். ரெண்டாவதா நின்னவன். இப்ப கடை அவனுக்குத்தானே போவுது?" என்றார்.

மெஸ் கிரிதரனிடம் கேட்டால், "அந்தம்மாவே காசு குடுத்து ஏத்தியிருக்கும். எம்பேர எதுக்குய்யா இழுக்குறீங்க?" என்றார். கம்பெனி விளம்பர மேலாளர் முகுந்தனோ, "சார், இதுல ஏமாந்ததே நாங்கதான். ஊரே எங்களைப் பத்திப் பேசுது" என்று பெருமூச்சு விட்டார். பெருமூச்சுக்கு நடுவில் போனில் எதையோ பார்த்து ஒரு சின்னச் சிரிப்பும் வந்து போனது.

சமையல்காரி, போட்டிக்காரன், போட்டி நடத்தியவன். ஏவியது இந்த மூவரில் ஒருவர்தான். அருளப்பன் கையில் இருப்பது வாட்ஸப்பில் வந்த அந்த மூன்று வரி மட்டுமே.

மாடிப் படியில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பப் படித்தவர், சட்டென்று எழுந்தார். நீங்கள் சொல்லுங்கள்: ஏவியது யார்? அது அருளப்பனுக்கு எப்படித் தெரிந்தது?

விடை: முகுந்தன். லிங்க் வந்தது வியாழன் மாலை; வீடியோ வெளியானது வெள்ளி காலை. அதற்கு முன் லிங்க் கம்பெனியில் மட்டுமே இருந்தது. ஜெயிக்க நினைப்பவர் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றச் சொல்வார். ஒரு மணி நேரத்தில் கொட்டச் சொன்னவருக்குத் தெய்வானை மாட்டிக்கொள்ள வேண்டும். பிரிக்காத பாக்கெட் ஜெயித்தால் பொடியை யார் வாங்குவது? பாக்கெட் படத்தில் தெரிவதால் விதிப்படியும் அவரைத் தள்ள வழியில்லை. அருளப்பன் அந்த மூன்று வரியையும் தன் அறையின் படத்தையும் ஊரறியப் போட்டார். கடை தெய்வானைக்குக் கிடைத்தது. அருளப்பனுக்கு அங்கே இன்றுவரை சாப்பாடு இல்லை. போன்களை விற்க மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது கடைசியாக ஒரு ஆர்டர் வந்தது. கம்பெனி தெய்வானையிடம் மன்னிப்புக் கேட்கும் வீடியோ. கீழே ஒரே ஒரு வரி: 'இதை மட்டும் சொட்டுச் சொட்டா ஏத்துங்க.'