ஒரே பணத்துக்கு இரண்டு வாக்கு

பெருந்துறைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் ஆய்வகப் பொறுப்பாளராக இருந்த மகுடேஸ்வரன், ஒரே நாளில், ஒரே பணத்தின் பேரில், இரண்டு இடத்தில் வாக்குக் கொடுத்தான். ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது பொய்யாகிவிடும். அது அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தான்.

அவன் மனைவி தாரணி கனடாவில் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். மாணவியின் கணவன் என்கிற முறையில் அங்கே போய் வேலை செய்ய அவன் அனுமதி கேட்டான். அதற்கு, அவளுடைய மீதிக் கட்டணத்துக்கும் இருவரின் வாடகை, சாப்பாட்டுக்கும் கையில் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். பதினேழு லட்சமாவது காட்டுங்கள் என்றாள் விசா விண்ணப்பம் தயாரித்துத் தரும் கன்சல்டன்சிப் பெண். இருவர் பெயரிலும் இருந்த வங்கிக் கணக்கில் மூன்று லட்சம்தான் கிடந்தது.

மீதிப் பதினான்கைத் தருவதாகத் தாரணியின் தாய்மாமன் நாச்சிமுத்து முன்வந்தார். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். எதையும் யாரும் பார்க்காமல் கொடுத்துப் பழக்கமில்லாதவர். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில், பாயசம் வருகிற நேரமாகப் பார்த்து எழுந்து நின்றார். "அக்கா மகளுக்குப் பதினாலு லட்சம் அன்பளிப்பாக் குடுக்கறேன். ஒரு பைசா திருப்பி வாங்க மாட்டேன்" என்று அறிவித்தார். எச்சில் கையோடு கைதட்ட முடியாதவர்கள் தலையை ஆட்டினார்கள். மறுநாள் அந்தக் கூட்டுக் கணக்கில் பணம் போட்ட சீட்டின் படம் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு வந்தது. தாரணி போனில் அழுதுகொண்டே நன்றி சொன்னாள். "நீ படி சாமி, மத்ததை மாமன் பாத்துக்கறேன்" என்றார்.

மகுடேஸ்வரனுக்கு அந்த மனிதர் மேல் என்றைக்குமே இளப்பம்தான். ஒரு ரூபாய் கொடுத்து இரண்டு ரூபாய்க்குப் பெயர் வாங்குகிற ஆள் என்று நினைத்துக்கொள்வான். வாங்குகிற இடத்தில் தான் நிற்பது மட்டும் அவன் நினைப்பில் வராது.

அந்த வாரமே நாச்சிமுத்து நோட்டரி வக்கீல் முன்னால் எழுதிக் கொடுத்தார். இது அன்பளிப்பு, கடன் அல்ல, எக்காலத்திலும் திருப்பிக் கேட்க மாட்டேன். கையெழுத்தை நீட்டி முழக்கிப் போட்டார். மாடிப்படி இறங்கியதும் மகுடேஸ்வரனை ஓரமாக நிறுத்தினார்.

"மாப்ள, பர்மிட் வந்த மறுநாள் பணம் எங் கணக்குக்கு வந்துரோணுங்க. பந்தியில சொன்னது பந்திக்கு."

"அப்ப வக்கீல்கிட்ட எழுதினதுங்க மாமா?"

"அது வெள்ளைக்காரனுக்கு. நமக்குள்ள எதுக்குங்க எழுத்து?"

"சரிங்க மாமா, வந்துரும்" என்றான் மகுடேஸ்வரன். அது முதல் வாக்கு. அரை மணி நேரம் கழித்து, விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தில், இந்தப் பணம் எங்களுடையது, என் மனைவியின் படிப்புக்கும் எங்கள் வாழ்க்கைக்கும் மட்டுமே செலவாகும் என்று கையெழுத்திட்டான். அது இரண்டாவது. தாரணியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று மாதத்தில் அனுமதி வந்தது. அன்று மாலையே நாச்சிமுத்து பணத்தைக் கேட்டுப் போன் செய்தார். கூட்டுக் கணக்கில் பணம் குறைந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்பதால், அதற்கு மேல் மறைக்க முடியாமல் அவன் தாரணியிடம் நடந்ததைச் சொன்னான்.

"அப்ப இத்தனை நாளா நான் எதுக்கு நன்றி சொல்லிட்டு இருந்தேன்?" என்றாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "இந்தப் பணம் நம்முதுன்னு சொன்னதாலதான் உங்களை உள்ள விடறாங்க. மாமா அதைக் கடனாத்தான் குடுத்தார், நீங்களும் ஒத்துக்கிட்டீங்க. பணத்தையும் திருப்பிக் குடுத்துருங்க, பர்மிட்டையும் வேண்டாம்னு எழுதிருங்க. ரெண்டு நாள் பாப்பேன். நீங்க செய்யலீன்னா நானே செஞ்சுருவேன்."

மகுடேஸ்வரன் மறுநாள் மண்டிக்குப் போனான். நோட்டரி பத்திரத்தின் நகலை நாச்சிமுத்துவின் மேசைமேல் விரித்தான்.

"திருப்பிக் கேக்க மாட்டேன்னு எழுதியிருக்கீங்க மாமா. நான் குடுத்தா உங்களைப் பொய்யனாக்கின மாதிரி ஆயிருமுங்க."

"நம்பிக் குடுத்தேனுங்க மாப்ள."

"அன்பளிப்புக்கு எதுக்குங்க நம்பிக்கை?"

நாச்சிமுத்துவால் போலீசுக்குப் போக முடியாது. பந்தியில் எழுந்து நின்ற வாயால் சொந்தக்காரர்களிடம் முறையிடவும் முடியாது. அந்தத் திணறலைப் பார்க்க மகுடேஸ்வரனுக்கு அப்படி இனித்தது. வீடு திரும்பி விமான டிக்கெட் போட்டான். நடந்ததைத் தாரணியிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் முடிந்ததும் கூட்டுக் கணக்கிலிருந்து பதினான்கு லட்சத்தையும் தாரணி மாமாவுக்கு அனுப்பினாள். நாங்கள் காட்டிய பணம் எங்களுடையது அல்ல என்று விசா அலுவலகத்துக்கு எழுதினாள். அதையே குடும்பக் குழுவிலும் நான்கு வரியில் போட்டாள். மகுடேஸ்வரனின் அனுமதி ரத்தானது. அவளுடைய மாணவர் விசாவைப் பற்றியும் விசாரணை வைத்தார்கள். அதற்குப் பதில் எழுதிக்கொண்டே, ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவி அடுத்த பருவத்துக்குக் கட்டணம் கட்டினாள்.

பணம் முழுதாகக் கைக்கு வந்த நாச்சிமுத்து, அக்கா மகள் மானத்தை வாங்கிவிட்டாள் என்று திட்டினார். கட்டிய கணவனைக் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று மகுடேஸ்வரன் ஊரெல்லாம் சொன்னான். மண்டியில் நடந்ததற்குப் பிறகு முகம் பார்க்காதிருந்த இருவரும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுகூடிவிட்டார்கள்.

பேசி வைத்தபடி தன் பணத்தைக் கேட்ட மாமன், எழுத்தில் உள்ளபடி அதை வைத்துக்கொண்ட கணவன், இருவரையும் வெளிச்சத்தில் நிறுத்திய மனைவி. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: பேச்சு நாச்சிமுத்து பக்கம், எழுத்து மகுடேஸ்வரன் பக்கம். ஆனால் அந்தப் பேச்சு எழுத்தைப் பொய்யாக்கப் பேசியது, அந்த எழுத்து பேச்சை மறைக்க எழுதியது. ஒன்றை வைத்து இன்னொன்றை நியாயப்படுத்த முடியாது. தாரணி செய்ததே சரி. கணவனைக் கேட்காமல் செய்தாளே என்றால், அவள் கேட்டாள், வழி சொன்னாள், சொன்ன நாள் வரை காத்திருந்தாள். உண்மை சொன்னால் தன் படிப்பும் போகலாம் என்று தெரிந்தே சொன்னவள் அவள் ஒருத்திதான். மற்ற இருவருக்கும் பொய் சொன்னதில் வருத்தமில்லை. அது வெளியே தெரிந்ததில்தான் வருத்தம்.