நோட்டின் இடது பக்கம்

"நான் குடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு."

ஜெனிட்டா இதை மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

"இப்பவும் நல்லாத்தான் இருக்கு," என்றேன். "சத்தம் வருதா இல்லையா?"

"வருது."

"அப்புறம் என்ன?"

"எங்கேர்ந்து வருதுன்னு தெரியல, ஆன்ட்டி."

"லாப்டாப்லேர்ந்துதான் வருது. வேற எங்கேர்ந்து வரும்?"

கடையின் மறுகோடியில் நஸ்ரின் ஒரு லாப்டாப்பைக் கவிழ்த்துப்போட்டு, அதன் விசிறியைப் பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. தூக்கவில்லை என்றால் எல்லாம் காதில் விழுகிறது என்று அர்த்தம்.

நஸ்ரின் என் குரு. அவளுக்கு முப்பத்தொன்று, எனக்கு நாற்பத்தொன்பது. மகன் புது லாப்டாப் வாங்கிக்கொண்டு, பழைய கேமிங் லாப்டாப்பை என் தலையில் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். அதைப் பழுது பார்க்க இந்தத் தில்லை நகர் மாடிக் கடைக்கு வந்தவள்தான் நான். நான்கு மாதமாகிறது. இன்னும் திரும்பிப் போகவில்லை.

"குடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்பது சர்வீஸ் கடைகளின் சுப்ரபாதம். சாம்பார் கொட்டியவனும் அதைத்தான் சொல்வான். மாடிப்படியில் உருட்டிவிட்டவனும் அதைத்தான் சொல்வான். நான்கு மாதத்தில் நான் நம்பாமல் இருக்கப் பழகியிருந்தேன்.

ஆனால் ஜெனிட்டா எதையும் கொட்டவில்லை, உருட்டவில்லை.

அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. ஹாஸ்டலில் தங்கி எம்.ஏ. படிக்கிறாள். கேமிங் லாப்டாப்பில் சண்டை விளையாட்டு விளையாடுகிறாள், முழுக்கக் காதை வைத்து. எதிராளியின் காலடி இடது காதில் கேட்டால் ஆள் இடப்பக்கம். தாவினால் ஒரு சத்தம், குனிந்தால் ஒரு சத்தம். கண் உள்ள பையன்களை அடித்துப் போட்டுவிட்டு, மாநிலப் போட்டியின் கடைசிச் சுற்றுவரை வந்துவிட்டாள். அந்தச் சுற்று இன்று மாலை நான்கு மணிக்கு, இணையத்தில். நான்கு மணிக்கு ஆட்டத்துக்குள் நுழைந்திருக்கவில்லையென்றால் அவள் இடம் அடுத்தவனுக்கு.

இப்போது மணி ஒன்று பத்து.

நேற்று அவள் வந்தது ஒரு சின்ன வேலைக்கு.

"கேம் திறக்க மாட்டேங்குது. படத்தோட டிரைவர் பழசாம், புதுசு போடணுமாம். பக்கத்து ரூம் பொண்ணு படிச்சுச் சொன்னா. படமே வேண்டாத எனக்குப் படத்தோட டிரைவர் வேணுமாம், பாருங்க கூத்தை."

நான் சிரித்துவிட்டேன். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. அதுதான் வினை.

டிரைவர் என்பது ஒன்றுமில்லை. லாப்டாப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் சொன்னதைப் புரியவைக்க ஒரு மொழிபெயர்ப்பாளர். திரைக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று. மாற்ற வேண்டியது திரைக்கானதை மட்டும். ஆனால் நான் எல்லாவற்றையும் தேடிப் பார்க்கும் ஒரு புரோகிராமை ஓடவிட்டேன். பதினாலு டிரைவர் பழசு என்று பதினாலு சிவப்புப் புள்ளி வைத்துக் காட்டியது. கீழே ஒரே பட்டன், எல்லாவற்றையும் புதுப்பிக்க.

நான் படித்த கான்வென்ட்டில் டெஸ்க்கைத் துடைத்து, சிஸ்டர் விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு விடுவார்கள். துடைப்பத்தை எடுத்தால் ஒரு அறையை மட்டும் கூட்டி வைக்க எனக்குத் தெரியாது.

அழுத்தினேன்.

"அக்கா," என்றாள் நஸ்ரின். பிரஷ்ஷைக் கீழே வைத்திருந்தாள். "நோட்டைக் கொண்டாங்க."

இந்தக் கடையில் ஒரு நோட்டு உண்டு. வரும் லாப்டாப் ஒவ்வொன்றுக்கும் எதிரெதிராக இரண்டு பக்கம். வலது பக்கத்தில் என்ன கோளாறு என்று எழுத வேண்டும். இடது பக்கத்தில் என்னென்ன நன்றாக இருக்கிறது என்று எழுத வேண்டும். ஸ்பீக்கர், மைக், கேமரா, சார்ஜர், எந்த டிரைவர் எந்தத் தேதியுடையது, எல்லாம். இடது பக்கத்தை முடிக்காமல் நஸ்ரின் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட மாட்டாள்.

எனக்கு அது வெட்டி வேலை. பல்வலி என்று வருகிறவனிடம் காது நன்றாகக் கேட்கிறதா என்று எந்த டாக்டர் கேட்கிறார்?

நோட்டைக் கொடுத்தேன். ஜெனிட்டாவின் வலது பக்கத்தில் ஒரு வரி இருந்தது. இடது பக்கம் வெள்ளையாக இருந்தது.

நஸ்ரின் லாப்டாப்பை இழுத்து, சத்தத்துக்கான டிரைவரைத் திறந்து, பழையதற்குத் திரும்பும் பட்டனைத் தேடினாள். அது அழுத்த முடியாமல் மங்கிக் கிடந்தது.

"பழசு எங்கக்கா?"

"இடத்தை அடைக்குது, அழிக்கவான்னு அதுவே கேட்டுச்சு."

"நீங்க?"

"சரின்னுட்டேன்."

ஜெனிட்டா மெல்ல, "எத்தனை மாத்துனீங்க ஆன்ட்டி?" என்றாள்.

"பதினாலு."

"நான் ஒண்ணுதானே கேட்டேன்?"

"கேட்டாத்தான் செய்யணுமா? நல்லது தானே பண்ணேன்! சத்தம் கணீர்னு வருது. முன்னைவிட நல்லா வருது. நீ என்னமோ..."

நஸ்ரின் ஹெட்போனை எடுத்து என் தலையில் மாட்டினாள். பேச்சு அப்படியே நின்றது.

"கண்ணை மூடுங்க. ஆடுங்க."

"எனக்கு ஆடத் தெரியாது."

"ஆட வேண்டாம். அவன் எந்தப் பக்கம் நிக்கிறான்னு மட்டும் சொல்லுங்க. அந்தப் பக்கம் நான் தடுக்கறேன்."

கண்ணை மூடினேன். காலடி கேட்டது. தலைக்குள்ளேயே நடப்பதுபோல எல்லாப் பக்கமும் கேட்டது.

"இடது," என்றேன்.

அடி விழும் சத்தம்.

"வலது."

அடி.

"முன்னாடி... பின்னாடி... அட, சனியனே, எங்கடா இருக்கே?"

அடி, அடி, அடி. ஆட்டம் முடிந்தது என்று ஒரு மணி அடித்தது.

கண்ணைத் திறந்தேன். ஜெனிட்டா கோலை மடியில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நான் வெளிச்சத்தை அணைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நஸ்ரின் லாப்டாப் கம்பெனியின் தளத்தைத் திறந்திருந்தாள். "இந்த மாடலுக்குன்னு அவங்களே செஞ்ச சத்த டிரைவர் மூணு இருக்கு. ஜூலை, டிசம்பர், அடுத்த மார்ச். இதுல எது இருந்துச்சுன்னு தெரியணும்."

"மூணையும் ஒண்ணொண்ணா போட்டுப் பாத்துடலாம்," என்றேன்.

"இன்னைக்கு அவங்க தளம் இருக்கிற லட்சணத்துக்கு ஒண்ணு இறங்கவே ரெண்டு மணி நேரம் ஆகும்."

ஒன்றுக்குத்தான் நேரம் இருந்தது. அது எது என்று எழுதி வைத்திருக்க வேண்டிய பக்கம் வெள்ளையாக இருந்தது.

நஸ்ரின் பேனாவைத் திறந்தாள். "ஜெனிட்டா, இந்த லாப்டாப்ல என்னென்ன நல்லா இருந்துச்சு?"

இந்தக் கேள்வியை அவள் கேட்டு நான்கு மாதமாகப் பார்த்துவிட்டேன். எல்லாரும் ஒரே மாதிரிதான் விழிப்பார்கள். 'நல்லாவா? எல்லாம் நார்மலா இருந்துச்சு' என்பார்கள். மூன்று வருஷம் கையிலேயே வைத்திருந்ததைப் பற்றி மூன்று வார்த்தை இருக்காது.

ஜெனிட்டா யோசிக்கவே இல்லை.

"எஃப் கீலயும் ஜே கீலயும் இருக்கற சின்ன மேடு இன்னும் தேயல. விசிறி எடுத்தவுடனே கத்தாது, கேம் திறந்தப்புறம்தான் ஏறும். சூடு இடது கைக்குத்தான் வரும், வலது கைக்கு வராது. சார்ஜர் குத்துற எடம் லூசாகல. மூடினா ஒரு டக் சத்தம் வரும், அது வந்தா சரியா மூடியாச்சு. மைக்ல நான் மட்டும் கேப்பேன், ஹாஸ்டல் கூச்சல் கேக்காது."

நஸ்ரின் எழுதிக்கொண்டே போனாள்.

"சத்தம்?"

"வாங்கின புதுசுல சத்தம் கொஞ்சம் பிந்தி வரும்க்கா. அடி விழுந்தப்புறம் காலடி கேக்கும். ஆறு மாசம் அப்படியே ஆடினேன். அப்புறம் கிறிஸ்துமஸ் லீவுக்கு பாளையங்கோட்டை வீட்டுக்குப் போயிருந்தேன். அங்க வச்சு ஏதோ அப்டேட் வந்துச்சு. திறந்து பாத்தா, அவன் எங்க நிக்கிறான்னு கையை நீட்டித் தொட்டுரலாம் போல இருக்கு. ஓடிப்போயி எங்கப்பாட்ட சொன்னேன். 'கர்த்தருக்கு ஸ்தோத்திரம்'னு சொல்லிட்டு அவரு பாட்டுக்குக் கறி வெட்டப் போயிட்டாரு."

"என்ன தேதி?"

"டிசம்பர் இருபத்தி மூணு. சாயங்காலம்."

நஸ்ரின் திரையைப் பார்த்தாள். "இங்க டிசம்பர் பதினெட்டு போட்டிருக்கு. அதுக்கு அப்புறம் மார்ச்சுல ஒண்ணு வந்திருக்கே, அதைப் போட்டியா?"

"இல்லக்கா. நல்லா இருக்கறதை ஏன் தொடணும்?"

நான் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டேன்.

டிசம்பர் டிரைவர் இறங்க ஆரம்பித்தது. ஒரு பச்சைக் கோடு, எறும்பு ஊர்வதுபோல. ஜெனிட்டா அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தாள். என்னால் எப்படித் தூங்க முடியும்?

"நஸ்ரின், நீ என்னைத் திட்டியிருக்கலாம்."

"திட்டினா கோடு வேகமா போகுமாக்கா?"

"சரி, அதை விடு. ஒண்ணு கேக்கறேன். இங்க வர்றவங்க எல்லாரும் கெட்டுப்போனதைச் சொல்லத்தான் வர்றாங்க. நாம சரி பண்றதும் அதைத்தான். நல்லா இருக்கறதை எதுக்கு எழுதி வைக்கிறே?"

அவள் நோட்டைப் பின்னால் புரட்டினாள். புரட்டிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நிறுத்தி, என் பக்கம் தள்ளிவிட்டாள்.

மேலே என் பெயர் இருந்தது. ஹேமலதா. நான்கு மாதத்துக்கு முந்தைய தேதி.

வலது பக்கம் முழுக்க நிரம்பி, ஓரத்திலும் எழுதியிருந்தது. சூடாகிறது. தானாக அணைகிறது. திரை சிமிட்டுகிறது. மூன்று கீ வேலை செய்யவில்லை. மகன் போன் எடுப்பதில்லை. அதையுமா சொன்னேன்? சொல்லித்தான் இருப்பேன்.

இடது பக்கத்தின் முதல் வரி: 'கேட்டதற்கு, ஒரு எழவும் நல்லா இல்லை என்றார்.'

அதன் கீழே நஸ்ரின் தானே பார்த்து எழுதியது. ஸ்பீக்கர் நன்று. கேமரா நன்று. வைஃபை நன்று. மூடியின் கீல் நன்று.

கடைசி வரி கொஞ்சம் தள்ளி இருந்தது.

'கொண்டுவந்தவர் போகாமல் கூடவே உட்கார்ந்திருந்தார். கழற்றிய பதினோரு ஸ்க்ரூவும் எது எந்த ஓட்டைக்கு என்று, நான் கேட்காமலே வரிசையாக வைத்துக் கொடுத்தார். ஒன்றும் மாறவில்லை.'

அன்று சாயங்காலம் கிளம்பும்போது அவள், "நாளைக்கும் வர்றீங்களாக்கா?" என்று கேட்டது நினைவு வந்தது. இந்த வயதில் என்னை எதற்குக் கூப்பிட்டாள் என்று நான்கு மாதமாக எனக்குத் தெரியாமல் இருந்தது. கேட்டதும் இல்லை.

நோட்டை மூடி, அவள் பக்கமே தள்ளி வைத்தேன்.

மூன்று இருபதுக்குப் பச்சைக் கோடு முடிந்தது. டிரைவரைப் போட்டு, அணைத்து, திறந்தாள் நஸ்ரின். ஜெனிட்டாவை எழுப்பவில்லை. ஹெட்போனை மறுபடி என் தலையில் மாட்டினாள்.

கண்ணை மூடினேன்.

காலடி வலது தோளுக்கு அருகில் கேட்டது. நின்றது. காற்றை வெட்டிக்கொண்டு என் தலைக்கு மேலே போய், இடது காதோரம் இறங்கியது.

"இடது," என்றேன்.

அடி விழவில்லை.

ஜெனிட்டா ஹாஸ்டலுக்குப் போய்ச் சேர நேரமில்லை. எங்கள் மேஜையிலேயே ஆடினாள். இரண்டு பேரை வென்று மூன்றாமவனிடம் தோற்றாள். ஹெட்போனைக் கழற்றி, "அவன் நல்லா ஆடினான்," என்றாள், ஏதோ தனக்குக் கிடைத்த பொருளைப் பற்றிச் சொல்வதுபோல. லாப்டாப்பை மூடினாள். டக் என்று சத்தம் வந்தது.

"கேட்டுச்சா ஆன்ட்டி? சரியா மூடியாச்சு."

"கேட்டுச்சுடி ராஜாத்தி," என்றேன். "மீதிப் பன்னெண்டு டிரைவரையும் பாக்கணும், திங்கக்கிழமை லாப்டாப்பைக் கொண்டா. நீ சொல்லச் சொல்ல ஒண்ணொண்ணா பாக்கறேன். நீ சொல்லாததைத் தொட மாட்டேன்."

அவள் கோலைத் தட்டிக்கொண்டு படி இறங்கினாள். அவளைத் தாண்டி மேலே ஏறி வந்தார் ஒருவர், கனத்த லாப்டாப் பையோடு. இஸ்திரி போட்ட சட்டை. உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"கேமிங் லாப்டாப்னுதான் பேரு. சுத்த தண்டம். வாங்கின நாள்லேர்ந்து தலைவலி. கேம் நடுவுல நின்னுடுது, பேட்டரி நிக்கல, விசிறி ஏரோப்ளேன் மாதிரி கத்துது. எல்லா டிரைவரையும் அப்டேட் பண்ணிக் குடுத்துடுங்க. எல்லாத்தையும்."

நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன். வலது பக்கத்தைத் தொடவில்லை. இடது பக்கத்தில் தேதி போட்டேன்.

"அதெல்லாம் எழுதிக்கறேன் சார். முதல்ல இதைச் சொல்லுங்க. இதுல எதெல்லாம் நல்லா இருக்கு? ஒண்ணொண்ணா சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். லாப்டாப்பைப் பார்த்தார். நஸ்ரினைப் பார்த்தார்.

நஸ்ரின் தலையைத் தூக்கவில்லை.